கோயிலுக்கு வாங்கின செவ்வந்தி

— விம்பிள்டன் பிள்ளையார் எப்ப தொடக்கம் பாஸ்போட் கேக்கிறார், கனகம்?

— ஐயோ...! என்ன நீங்கள், பின்னால வந்து காதுக்குள்ள... நெஞ்சு ஒருக்கா நிண்டு போச்சு. இந்த நேரத்தில நீங்கள் எப்பிடி இஞ்ச...

— அதை நான் தான் கேக்கோணும். கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத் தானே வெளிக்கிட்டனீர்? இது செயின்ட் பாங்கிராஸ் ஸ்டேசன். நீர் நிக்கிறது பாரிஸ் ரயிலுக்குப் போற வரிசை.

— வரிசை எண்டு எனக்கும் தெரியும். நீங்கள் கடைக்கு மரக்கறி எடுக்க மார்க்கட்டுக்குப் போறன் எண்டெல்லோ வெளிக்கிட்டனீங்கள்? இஞ்ச ஆர் உங்களுக்கு வெண்டிக்காய் வைச்சு விக்கிறது?

— நான்... நான் றொஜனை ஏத்திவிட வந்தனான்.

— எங்கட கடையில நிக்கிற றொஜனையோ?

— ஓம். அவனுக்குப் பாரிசில ஒரு கலியாணவீடு. திடீரெண்டு...

— அப்ப இப்ப ரெய்னர்ஸ் லேனில கடையைத் திறந்து வைச்சுக்கொண்டு எனக்குப் போன் அடிச்சு, "அன்ரி, அண்ணை பாலுக்கு ஓடர் குடுத்தவரோ" எண்டு கேட்டது ஆர்? அவன்ர பேயோ?

— ...அடிச்சவனோ?

— இப்ப தான். நீங்கள் என்ர காதுக்குள்ள கத்த முன்னம்.

— விசரன். போனை எடுத்தா வைக்கத் தெரியாது அவனுக்கு.

— அவனைப் பேசாதையுங்கோ. சொல்லுங்கோ, எங்க போறியள்?

— முதல் நீர் சொல்லும்.

— எனக்கென்ன, அருள்நாயகி அக்கா ஒரு பார்சல் தந்து விட்டவ. அவவின்ர தங்கச்சி பாரிசில தானே இருக்கிறா. குடுத்திட்டுப் பின்னேரமே திரும்பி வாறது.

— அருள்நாயகி அக்கா பார்சல் தந்தவ. நீர் அதுக்கு ரயில் டிக்கெட் எடுத்து, பட்டுச் சேலையும் உடுத்திக்கொண்டு, தபால்காரி மாதிரிக் கொண்டுபோய்க் குடுக்கிறீர்.

— ...அக்கா எனக்கு எவ்வளவு செய்தவ.

— சரி. அந்தப் பார்சலைக் காட்டும் பாப்பம்.

— சும்மா இருங்கோ. முன்னுக்கு நிக்கிற வெள்ளை மனிசி திரும்பித் திரும்பிப் பாக்கிறா.

— பாக்கட்டும். அவவுக்குத் தமிழ் விளங்கப் போகுதே. காட்டும்.

— உங்கட டிக்கெட்டை முதல் காட்டுங்கோ. அதென்ன, கோட்டுப் பொக்கற்றுக்க நீட்டிக்கொண்டு நிக்குது... ஆ! ரெண்டு பேரும் பாரிசுக்குத் தான். நல்ல மரக்கறி எடுத்தியள்.

— நான் இந்த ரயிலில வாறதில்லை... வர இருக்கேல்லை. அடுத்ததில தான் எடுத்தனான். அங்க ஸ்ட்ரைக்காம். அடுத்த ரயிலை நிப்பாட்டிப்போட்டு, அதில போற எங்களையெல்லாம் தூக்கி இதுக்குள்ள போட்டிட்டாங்கள்.

— பிரெஞ்சுக்காரன் இன்னும் மாறேல்லை.

— ஏன் மாறோணும்? அவன் சந்தோசமா இருந்தாலும் ஸ்ட்ரைக், கவலையா இருந்தாலும் ஸ்ட்ரைக். ராசாவையே விட்டு வைக்காத சனம், ரயிலை விட்டு வைக்குமே.

— உங்களுக்கு அவையைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னாத் தாங்காது. லண்டனுக்கு வந்து இவ்வளவு காலம், இன்னும் பாண் வாங்கினா வீட்ட வந்து சேர முன்னம் நுனியை முறிச்சுத் தின்னுறியள்.

— அது சூடு ஆற முன்னம் தின்ன வேண்டிய சாமான்... நகரும், நகரும், வரிசை போகுது.

— போறன். தள்ளாதையுங்கோ. பூ... பார்சல் நசியப் போகுது.

— என்ன சொன்னீர்?

— பார்சல்.

— அதுக்கு முதல்.

— ஒண்டும் சொல்லேல்லை.

— கனகம். நான் உமக்குப் பின்னால வந்து நிண்டவுடனேயே மணத்தது. செவ்வந்தி.

— கோயிலுக்கு வாங்கினது. நேற்று டூட்டிங்கில.

— கோயில் அந்தப் பக்கம். நீர் போறது இந்தப் பக்கம். மடாம் பெர்த்தியேயை ஞாபகம் இருக்கோ?

— ஏன் இப்ப அவ?

— இருக்கோ, இல்லையோ?

— எங்களுக்கு முதல் முதல் அறை தந்த மனிசியை மறப்பனே? பாவம், அண்டைக்கு அவவின்ர முகம் போன போக்கு...

— எங்களை விருந்துக்குக் கூப்பிட்டவ. நீர் தான் சொன்னீர், வெறுங்கையோட போகக்கூடாது, கலியாணவீட்டுக்கு வைக்கிற பூவாப் பாத்து வாங்குவம் எண்டு. ஒரு பெரிய தொட்டி செவ்வந்தி, மஞ்சள் மஞ்சளா...

— நீங்கள் தானே தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்! கதவைத் திறந்தவுடனே ரெண்டு கையாலையும் நீட்டினதும் நீங்கள் தான்.

— அவ அப்பிடியே சுவரில சாஞ்சிட்டா. "மிசியே கிருஷ்ணராசா, நான் இன்னும் சாகேல்லை."

— ஹி ஹி... எனக்கு அண்டைக்கு விளங்கவே இல்லை. நீங்கள் என்னெண்டா "மெர்சி மடாம், மெர்சி மடாம்" எண்டு கொண்டு நிக்கிறியள்.

— எனக்கு அந்த ஒரு சொல்லுத் தானே அப்ப தெரியும்.

— பேந்து அவ தான் எங்களை இருத்தி வைச்சுச் சொன்னவ. இது கல்லறைக்கு மட்டும் வைக்கிற பூ, பிள்ளையள், ஆற்றையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு போகாதையுங்கோ எண்டு. நல்ல மனிசி.

— ஓம்... அப்ப, கனகம், நாளைக்குத் துசான். பிரான்ஸ் முழுக்க லீவு, சனமெல்லாம் கல்லறைக்குப் போற நாள். அதுக்கு முதல் நாள், செவ்வந்தியோட பாரிஸ் ரயில் ஏறுற ஆள் எங்க போகும் எண்டு எனக்கு விளங்காதே?

— நீங்கள் ஏன் தேங்காய்த் தும்பு கொண்டு போறியள்?

— என்ன?

— அந்தப் பைக்குள்ள. தும்பு தெரியுது. ஒரு சின்னப் பிறஸ்சும். மார்க்கட்டில வெண்டிக்காய்க்குத் தும்பு போட்டுத் தேய்க்கிறவையோ?

— ...இரும்புத் தும்பு போட்டா கல்லைக் கீறிப்போடும்.

— எந்தக் கல்லு?

— தெரிஞ்சுகொண்டு கேளாதையும்.

— வாயால சொல்லுங்கோ.

— ஏலாது கனகம். இத்தனை பேருக்கு நடுவில...

— சரி. சரி, விடுங்கோ. அந்தப் பையைத் தாங்கோ, நான் பிடிக்கிறன்.

— வேண்டாம், நீர் உம்மட பார்சலைப் பிடியும்.

— செக்கிங்கில நிக்கிற பெடியன் என்னவோ சொல்லுறான். சாமான் வைக்கத் தட்டு எடுக்கட்டாம்.

— கோட்டைக் கழட்டிப் போடும். காப்பு இருக்கட்டும், சத்தம் போடாது. பூவை என்ன செய்யப் போறீர்? இப்ப பூவும் செடியும் அங்காலை கொண்டுபோக விடாங்கள். கண்டா எடுத்துப்போடுவாங்கள்.

— எடுக்க மாட்டாங்கள். சேலை ஒண்டுக்குள்ள சுத்தி வைச்சிருக்கிறன். ஒவ்வொரு வருசமும் அப்பிடித் தான்...

— ஒவ்வொரு வருசமுமோ?

— வாய் தவறிப்போச்சு.

— அந்தக் காலத்தில நாங்கள் லொறிக்குள்ள ஒளிச்சிருந்து எல்லை கடந்தம். இப்ப நீர் பூ கடத்திறீர். அங்கயே வாங்கலாமே, துசானுக்கு ரோட்டெல்லாம் தொட்டி தொட்டியா இருக்கும்.

— அங்க வாங்கினா அது செத்த ஆளுக்கு வாங்கின பூ. இஞ்ச வாங்கினா சாமிக்கு வாங்கின பூ. நான் அவனுக்குச் சாமிப் பூ தான் வைக்கிறது.

— தாரும் அந்தச் சேலைச் சுத்தலை, என்ர பைக்குள்ள வைக்கிறன். பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும்.

— கவனம். மேல ஒண்டும் வைக்காதையுங்கோ.

— வா... வாரும். பை மிசினுக்குள்ளால வந்திட்டுது, ஒண்டும் சொல்லேல்லை. கோட்டைப் போடும், குளிருது.

— அப்பாடா. இருங்கோ, ஒருக்கா மூச்சு எடுப்பம். இன்னும் பிரெஞ்சுப் பொலிஸ் இருக்கு.

— அதில என்ன பயம்? எங்கட பாஸ்போட்டும் பிரெஞ்சு தானே. அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டினா லண்டனுக்குள்ளேயே பிரான்ஸ் தொடங்கீடும். ...இதில இரும். வரிசை இன்னும் நீளமாக் கிடக்கு, நேரமும் கிடக்கு. முழங்கால் நோகுதோ?

— நோகேல்லை. இஞ்சருங்கோ... நீங்கள் எனக்கு அண்டைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கோ?

— எண்டைக்கு?

— அவனை வைச்சிட்டு வந்த அண்டைக்கு. அதுவும் பெரிய ஸ்ட்ரைக் காலம் தானே. மெட்ரோவும் இல்லை, பஸ்சும் இல்லை. எங்கட சனம் ஒருத்தரும் வந்து சேர ஏலேல்லை. பாண்காரன் தன்ர வானை நிப்பாட்டி எங்களை ஏத்தினவன்.

— முன் பின் தெரியாத மனிசன். அந்த மாதம் பாரிசில எல்லாரும் அப்பிடித் தான், ரோட்டில கண்ட ஆளை ஏத்திக்கொண்டு போனவங்கள். முன்னால பெட்டி வைச்ச வண்டி போகுது, பின்னால நாங்கள் பாண் வாசத்துக்குள்ள. அங்க போயும் அந்தப் பாண்காரன் திரும்பிப் போகேல்லை. தொப்பியைக் கழட்டிப்போட்டு எங்களோட நிண்டவன்.

— பிறகு இறங்கேக்க ஒரு பாண் தந்தவன். நான் தின்னேல்லை. அதுக்குப் பிறகும் கன நாள் ஒண்டும் தின்னேல்லை. அப்ப தான் நீங்கள் சொன்னனீங்கள், இனி இந்தக் கதை வீட்டில கதைக்கக்கூடாது எண்டு.

— நீர் செத்துப்போவீர் எண்டு பயந்திட்டன், கனகம். வேற என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

— நான் பிழை சொல்லேல்லை. நீங்கள் சொன்னபடியா எழும்பினன், சமைச்சன், வேலைக்குப் போனன். தக்ஷிகா பிறந்தாள். அவளின்ர படிப்புக்கு லண்டன் வந்தம். எல்லாம் சரி. ஆனா ஒரு பேரை முப்பது வருசம் வாய்க்குள்ள வைச்சிருக்கிறது... சரியான பாரமப்பா.

— ...யனுஷன்.

— ...

— அழாதையும். நீர் தானே வாயால சொல்லச் சொன்னீர்.

— அழட்டும், விடுங்கோ. இன்னொருக்காச் சொல்லுங்கோ.

— யனுஷன். யனுக்குட்டி. நெஞ்சில ஓட்டையோட வந்து பிறந்தாலும் சிரிச்சுக்கொண்டே இருந்தவன்.

— பல்லு ரெண்டு முளைச்சிருந்தது.

— கீழ்ப் பல்லு.

— ஓம், கீழ்ப் பல்லு. உங்களுக்கு ஞாபகம் இருக்கே... நான் நினைச்சன்...

— என்ன நினைச்சீர், நான் மறந்திட்டன் எண்டோ?

— இல்லை. அப்பிடி நினைக்கேல்லை. இந்தாங்கோ, உங்கட கண்ணையும் துடையுங்கோ.

— நாங்கள் பேப்பருக்கு ஒவ்வொரு கந்தோரா அலைஞ்ச காலம் கனகம். இருக்கலாமோ, அனுப்பிப்போடுவாங்களோ எண்டு ஒவ்வொரு நாளும் பயம். அவன் என்னெண்டா எங்களுக்கு முன்னமே அந்த மண்ணில நிரந்தரமாகிட்டான். எங்கட குடும்பத்தில முதல் பிரெஞ்சுக்காரன் அவன் தான்.

— நிரந்தரம் எண்டு சொல்லாதையுங்கோ.

— ஏன்?

— சொல்லாதையுங்கோ எண்டா சொல்லாதையுங்கோ. ...நிரந்தரமே அது? முப்பது வருசத்துக்குத் தானே தந்தவங்கள். இந்த மார்கழியோட முடியுது. பிறகு கல்லைக் கிளப்பி, உள்ளுக்க இருக்கிறதை எடுத்து, எல்லாரின்ரையோடையும் ஒண்டாப் போட்டிடுவாங்கள். அந்த நாட்டுச் சட்டம் அப்பிடி. அவன் சின்னப்பிள்ளை... தெரியாத ஆக்களோட...

— கனகம்...

— எனக்கு அதில சைன் வைக்க உரிமை இல்லை. எல்லாம் உங்கட பேரில. இண்டைக்கு மேரிக் கந்தோருக்குப் போய்க் கெஞ்சிக் கேப்பம் எண்டு தான் வெளிக்கிட்டனான். நாளைக்கு லீவு, பூட்டிப்போடுவாங்கள். ரயிலுக்கு வாற வழியெல்லாம் பிரெஞ்சில பாடமாக்கிக்கொண்டு வந்தனான். பாதி மறந்து போச்சு. இங்கிலீஸ் தின்னிட்டுது.

— என்ன பாடமாக்கினீர்? சொல்லும் பாப்பம்.

— "மடாம், நான் யனுஷனின்ர அம்மா..."

— பிழை.

— என்ன பிழை?

— முதல் பொன்ஜூர் சொல்லோணும். பொன்ஜூர் சொல்லாட்டி அவைக்கு நீர் முன்னுக்கு நிக்கிறதே தெரியாது. நெருப்புப் பிடிச்சாலும் முதல் பொன்ஜூர், பிறகு தான் நெருப்பு.

— இந்த நேரத்திலையும் உங்களுக்குப் பகிடி.

— பகிடி இல்லை... நீர் மேரிக்குப் போகத் தேவையில்லை.

— ஏன் தேவையில்லை? ...ஆ. அப்ப அருள்நாயகி அக்கா சொன்னது மெய் தான்.

— அவ என்ன சொன்னவ?

— கடைக்குச் சாமான் வாங்க வந்தவ. நீங்கள் பின்னுக்கு அரிசி மூட்டையளுக்கு நடுவில நிண்டு போனில ரகசியமாக் கதைச்சனீங்களாம். "மேரியோட எல்லாம் முடிஞ்சுது. இனி எனக்குப் பயமில்லை. கனகத்துக்குத் தெரியாது, நானே பிறகு சொல்லுறன்" எண்டு.

— கடவுளே.

— அவ பாவம், பிரான்சில இருந்த ஆளே? மேரி எண்டா கவுன்சில் கந்தோர் எண்டு அவவுக்கு ஆர் சொன்னது? நேர எங்கட வீட்ட வந்து, கதவைச் சாத்திப்போட்டு, என்ர ரெண்டு கையையும் பிடிச்சு, "கனகம், மனதைத் திடப்படுத்திக்கொள். மேரி எண்டு ஒருத்தி இருந்திருக்கிறாள். ஆனா முடிஞ்சுது எண்டு தன்ர வாயாலேயே சொல்லிப்போட்டார். நீ ஒண்டும் தெரியாத மாதிரி இரு" எண்டவ.

— ஐயையோ... அது தான் அவ இப்ப கடைக்கு வந்தா என்னை அப்பிடி முழுசிப் பாக்கிறவ! நான் மல்லித்தூளில ஏதோ குறை எண்டெல்லோ நினைச்சன். நீர் என்ன சொன்னீர் அவவுக்கு?

— நான் ஒண்டும் சொல்லேல்லை. அழுதன்.

— அழுதீரோ?

— நிப்பாட்ட ஏலாமல் அழுதன். அவ எனக்கு ரெண்டு நாள் சமைச்சுக் கொண்டுவந்து தந்தவ. புட்டும் மீன்குழம்பும். மேரிக்காக அழுறன் எண்டு நினைச்சா.

— பின்ன ஏன் அழுதனீர்?

— முடிஞ்சுது எண்டா என்னண்டு நான் எடுக்கிறது? புதுப்பிச்சு முடிஞ்சுதோ? இல்லாட்டி, இனி வேண்டாம், எடுங்கோ எண்டு குடுத்து முடிஞ்சுதோ? உங்களிட்டக் கேக்கவும் ஏலாது. ஒவ்வொரு நாளும் நீங்கள் கடையால வரேக்க முகத்தைப் பாக்கிறது. முகத்தில ஒண்டும் இல்லை. அவன் அங்க இருக்கிறானோ, இல்லையோ எண்டு தெரியாமலே நான் இண்டைக்கு வெளிக்கிட்டனான், அப்பா. இப்ப சொல்லுங்கோ. இருக்கிறானோ?

— இருக்கிறான்.

— உண்மையாவோ?

— என்ர கனகம்... இருக்கிறான். இன்னும் முப்பது வருசத்துக்கு. சித்திரையில ஒருக்காப் போய் முடிச்சிட்டு வந்தனான்.

— சித்திரையிலோ? மார்க்கட்டுக்குப் போய் ஒரு பெட்டி தக்காளியும் இல்லாமல் வந்தியளே, அண்டைக்கோ?

— அண்டைக்குத் தான். ரெண்டு பேரின்ர பேரிலையும் மாத்தியாச்சு. கிருஷ்ணராசா, கனகாம்பிகை. அந்தக் கந்தோர்ப் பிள்ளை உம்மட பேரை மூண்டு தரம் சொல்லிப் பாத்தவள், வாய்க்குள்ள அடங்கேல்லை. பிறகு சொல்லுறாள், மிசியே, மடாமை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவிட்டயே கேட்டுப் பழகிறன் எண்டு.

— உங்கட கையைத் தாங்கோ, அப்பா. ...போனில ஆரோட கதைச்சனீங்கள்?

— லா கூர்னேவ் செல்வரத்தினம் அண்ணையோட. அவர் தான் என்னோட மேரிக்கு வந்தவர்.

— வீட்டில எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.

— சொல்லுவம் சொல்லுவம் எண்டு தான்... ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியோட வாறது, பிறகு உம்மட முகத்தைப் பாத்திட்டு, சீனி காணுமோ எண்டு கேக்கிறது. நான் தானே கதைக்கக்கூடாது எண்டு சொன்னனான். அந்தப் பூட்டை எப்பிடித் திறக்கிறதெண்டு எனக்கே தெரியேல்லை.

— எழும்புங்கோ. வரிசை போகுது. எங்களைத் தாண்டி ஆக்கள் போகினம்.

— போகட்டும். ரயில் விட்டிட்டுப் போகாது.

— இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கவோ?

— கேளும்.

— அந்த இடத்துக்குத் தவணை முடியுது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? போன வருசம் தான் கல்லுக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பலகை நட்டு, மேரியோட தொடர்பு கொள்ளச் சொல்லி எழுதியிருந்தது. நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லையே.

— சொன்னீர்.

— உங்களுக்கோ? நான் சொல்லேல்லை.

— எனக்கில்லை. அவனுக்கு. கோவிக்காதையும் கனகம். முழுக்கச் சொல்லுறன். ஒரு வருசம் நான் விம்பிள்டன் கோயிலடியில ஐயரைக் கண்டு, மனிசி போன கிழமை அருச்சனைக்கு வந்தவ எல்லே எண்டு கேக்க, அவர் இல்லையே எண்டார். அடுத்த வருசம் நீர் கோயிலுக்கெண்டு வெளிக்கிட, நான் பின்னால வந்தனான். நீர் ஒரு ரயிலில, நான் அடுத்த ரயிலில. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அப்பிடித் தான்.

— அங்க வந்து எங்க நிக்கிறனீங்கள்?

— பிள்ளையளின்ர வரிசைக்கு அங்கால, பழைய யுத்தத்தில செத்த பட்டாளக்காரரின்ர கல்லுகள் இருக்கெல்லே? பின்னால ஒரு மதில். அதோட.

— மழைக்கையுமோ?

— மழைக்கும் தான். நீர் போன பிறகு வந்து கல்லைத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு, உம்மட பூவை எடுத்துத் திருப்பி அப்பிடியே வைக்கிறது.

— வெயில் பக்கமாத் திருப்பி வைக்கிறனீங்களோ?

— ஓம், வாடாமல் இருக்கட்டும் எண்டு... நாளைக்கு விடிய எல்லாரும் வரேக்க அவன்ர கல்லு மட்டும் வெறுமனே இருக்கக்கூடாது தானே.

— ஏன் பக்கத்தில வரேல்லை?

— நீர் அங்க மட்டும் தான் வாய்விட்டு அழுறனீர். நான் வந்தா அதையும் விழுங்கிப்போடுவீர். அது தான்... தூர நிண்டாலும் நீர் தனிய இல்லை எண்டு எனக்கு ஒரு ஆறுதல். நீர் கதைக்கிறதும் கேக்கும். காத்து எங்கட பக்கம் அடிக்கும்.

— என்ன கேட்டனீங்கள்?

— எல்லாம் தான். உன்ர தங்கச்சி மூண்டாந்தரமும் கார்ச் சோதினை பெயில் விட்டிட்டாள் எண்டு சொன்னீர். எனக்கு மதிலுக்குப் பின்னால சிரிப்பு அடக்க ஏலாமல் போச்சு. பிறகு ஒரு வருசம், கொப்பா களவாச் சீனி போட்டுக் குடிக்கிறார், இப்பிடியே போனா உன்னட்ட கெதியா வந்திடுவார், எனக்குப் பயமாக் கிடக்கு எண்டனீர். அடுத்த நாளே நான் சீனியை நிப்பாட்டினனான்.

— டொக்டர் சொன்னபடியா எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்.

— டொக்டர் எத்தினை வருசமாச் சொல்லுறார், நான் கேட்டனானே? குசினிப் பைப் ஒழுகுது, ஒருத்தரும் கவனிக்கினமில்லை எண்டும் அவனிட்டத் தான் முறைப்பாடு. வந்து உடுப்பு மாத்தாமலே திருத்தினன்.

— ஞாபகம் இருக்கு.

— ஒருக்கா... ஒருக்கா நீர் சொன்னீர், அப்பா வரேல்லை எண்டு நினைக்காதை ராசா, அவருக்கு உன்னில என்னைவிடப் பாசம், அதால தான் கதைக்க ஏலாமல் இருக்கிறார், எனக்கு அவரில ஒரு கோபமும் இல்லை எண்டு. அண்டைக்கு நான் மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிலத்தில இருந்திட்டன், கனகம். அதுக்குப் பிறகு தான் எனக்கு நல்லா நித்திரை வரத் தொடங்கினது. போன வருசம் அந்தப் பலகையைப் பற்றிச் சொன்னீர். அவரின்ர பேரில தான் இருக்கு, அவர் தான் போகோணும், உனக்கு இடமில்லாமல் போகப்போகுது எண்டு அழுதீர். நான் அந்த நிமிசமே முடிவெடுத்திட்டன். ...ஒளிச்சு நிண்டு கேட்டது பிழை தான். தாயும் பிள்ளையும் கதைக்கிறதை நான் கேட்டிருக்கக்கூடாது.

— கேட்டிருக்கக்கூடாதோ? பின்ன, பக்கத்தில படுத்திருக்கிற பிள்ளையோட நான் வருசா வருசம் தொண்டை கிழியக் கத்திக் கதைச்சது ஆருக்குக் கேக்கட்டும் எண்டு நினைச்சியள், அப்பா?